மீன் தொட்டியில் ஒரு புலி

ராஜபாளையத்தில் ஒருவர் நாய் வளர்த்தால் அது செய்தி இல்லை. வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு, கேட்டைத் திறந்தால் நம் கெண்டைக்காலையே குறி பார்க்கிற ஒரு பார்வை... 2005-ல் தபால்தலையே போட்டுவிட்டார்கள். ஆனால் அதே ஊரில் ஒருத்தன் கடல் வளர்க்கிறான் என்றால், கொஞ்சம் நின்று விசாரிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

என் நண்பன் வளர்க்கிறான். என்னோடு பி.காம். படித்தவன். இப்போது ஒரு ஸ்பின்னிங் மில்லில் அக்கவுண்ட்ஸ். பகல் முழுக்கப் பஞ்சுக் கணக்கு. சாயந்திரம் ஆனால் உப்புக் கணக்கு. வீட்டு ஹாலில் டி.வி. இருந்த இடத்தில் 200 லிட்டர் கண்ணாடித் தொட்டி. டி.வி. பெட்ரூமுக்குக் குடிபோய்விட்டது.

"தொட்டியில என்ன தங்கச்சி விசேஷம்?" என்று அவன் மனைவியைக் கேட்டேன்.

"உங்க ஃப்ரெண்டைக் கேளுங்கண்ணே. ஆறு வாரமா வெறும் தண்ணியும் கல்லும்தான். அதுக்கு ராவும் பகலும் மோட்டார் ஓடுது. கரண்ட் பில் வந்தா மட்டும் என்கிட்ட காட்டாம மடிச்சு வச்சுக்கிறாரு."

கரண்ட் பில்லைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. ஆனால் ஆறு வாரம் வெறும் தண்ணீரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது பைத்தியக்காரத்தனம் இல்லை. கடல் தொட்டியின் முதல் பாடமே அதுதான். மீன் கழிவும் மிச்சத் தீனியும் அழுகினால் அம்மோனியா வரும், அது விஷம். ஒரு ஜாதி பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், அதுவும் விஷம். இன்னொரு ஜாதி அதை நைட்ரேட் ஆக்கும், இது பரவாயில்லை. இந்த இரண்டு டிபார்ட்மெண்ட்டிலும் ஆள் சேர்ந்து, ஃபைல் ஒழுங்காக நகர ஆரம்பிப்பதற்கு நாலு வாரத்திலிருந்து ஆறு வாரம் ஆகும். அதற்குள் ஆசைப்பட்டு மீனை விட்டால், மறுநாள் காலை மிதக்கும்.

அடுத்தது உப்பு. "தூத்துக்குடி உப்பு ஒரு மூட்டை வாங்கிக் கொட்டினா கடல்தானே சார்?" என்று மில்லில் ஒருவர் யோசனை சொன்னாராம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கடல் தண்ணீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. 200 லிட்டருக்கு 7 கிலோ. கணக்கு சரி; சரக்குதான் தப்பு.

உப்பளத்தில் நடப்பதைப் பாருங்கள். பாத்தியில் தண்ணீர் வற்ற வற்ற, முதலில் சுண்ணாம்புச் சத்து அடியில் இறங்கிவிடும். அப்புறம் ஜிப்சம். அதற்குப் பிறகுதான் நாம் சாப்பிடுகிற உப்பு விளையும். மெக்னீசியம் கடைசிவரை இறங்காமல் மிச்சத் தண்ணீரிலேயே நிற்கும். உப்பை வாரிக்கொண்டு அந்தக் கசப்புத் தண்ணீரை வெளியே விட்டுவிடுவார்கள். ஆக, நம் ரசத்துக்கு வேண்டியது மூட்டையில் வருகிறது. பவளத்துக்கு வேண்டிய கால்சியமும் மெக்னீசியமும் வழியிலேயே நின்றுவிடுகின்றன. அதனால் இதற்கென்றே எல்லாம் கலந்து விற்கிற உப்பை வாங்கி, ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து, அடர்த்தி பார்க்கிற கருவியை ஜோசியர் ஜாதகம் பார்க்கிற மாதிரி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டும். நண்பன் பார்ப்பான். திருப்தி இல்லையென்றால் முகம் வாடிவிடும். இன்க்ரிமெண்ட் நின்றபோதுகூட அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

அப்புறம் சூடு. பவளத் தொட்டி 24-லிருந்து 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சித்திரை மாதம் ராஜபாளையத்தில் குழாயைத் திறந்தால் வருவதே வெந்நீர். எனவே சில்லர். அந்த விலைக்கு ஓடுகிற கண்டிஷனில் ஒரு பழைய பைக் வாங்கலாம். அது போதாதென்று இன்வெர்ட்டர். மோட்டார் நின்று அலை ஓய்ந்தால் சில மணி நேரத்தில் தண்ணீரில் பிராணவாயு குறைய ஆரம்பிக்கும். 2012-ல் நம் ஊர்ப்பக்கம் கரண்ட் போன போக்கை நினைத்துப் பாருங்கள். அந்த வருஷம் இந்த ஆசை அவனுக்கு வராமல் போனது குடும்பத்தின் அதிர்ஷ்டம்.

இத்தனை உபசாரமும் மீனுக்கு இல்லை. மீன் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளும். பவளத்துக்கு!

பவளம் என்றதும் செவ்வாய் தோஷ மோதிரம் ஞாபகம் வந்தால், அது வேறு. அந்தச் சிவப்புப் பவளம் மத்தியதரைக் கடலில், வெளிச்சம் குறைந்த இடத்தில் வளர்வது. 2,000 வருஷத்துக்கு முன்பே கப்பலில் நம் மேற்குக் கரைத் துறைமுகத்துக்கு வந்து இறங்கியிருக்கிறது. முசிறியில் இறங்கிய சரக்குகளில் பவளமும் ஒன்று என்று கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' பட்டியல் போட்டிருக்கிறது. இன்றைக்கும் மோதிரத்தில் நாம் போடுவது பெரும்பாலும் இறக்குமதிதான்.

நண்பன் ஆசைப்பட்டது பவளப்பாறை கட்டுகிற பவளம். அது கல் மாதிரி இருக்கும், செடி மாதிரி கிளைக்கும், ஆனால் மிருகம். குண்டூசித் தலையளவு, மிளகளவு ஜீவன்கள் ஆயிரக்கணக்கில் ஒன்றாகக் குடியிருக்கிற காலனி. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய், சுற்றிலும் சின்னச் சின்னக் கைகள். அதன் தோலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி வாடகைக்கு இருக்கிறது. வாடகை என்றால் சும்மா இல்லை. வெயிலில் சமைத்துப் பெரும்பகுதி சாப்பாட்டை வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிடும். நிறமும் பெரும்பாலும் அந்தப் பாசியின் உபயம்தான். தண்ணீர் வழக்கமான கோடைச் சூட்டை விட ஒரு டிகிரி கூடுதலாகி, சில வாரம் அப்படியே நின்றால் போதும். வீட்டுக்காரரும் குடித்தனக்காரரும் பிரிந்துவிடுவார்கள். பவளம் வெளுக்கும். சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்பி வரும். தணியாவிட்டால் பவளம் பட்டினியில் சாகும்.

இதை வீட்டுத் தொட்டியில் உயிரோடு நிறுத்தலாம் என்று உலகத்துக்குக் காட்டியவர்களில் முக்கியமானவர் ஜகார்த்தாவில் இருந்த லீ சின் எங். 1961-ல் ஓர் அமெரிக்க மீன் வளர்ப்புப் பத்திரிகையில் எழுதினார். சில்லரும் இல்லை, ஸ்கிம்மரும் இல்லை. கடல் தண்ணீர், கடலில் கிடந்த உயிருள்ள பாறை, காற்றுக்குமிழி, வெயில். அவ்வளவுதான். அவருக்குக் கடல் பக்கத்தில் இருந்தது. நண்பன் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் தெரிவது சஞ்சீவி மலை.

ஜெர்மன்காரர்கள் பிற்பாடு சேர்த்த சங்கதி இன்னொன்று. பவளம் தண்ணீரிலிருந்து கால்சியத்தை உறிஞ்சித்தான் தன் எலும்பைக் கட்டுகிறது. எடுத்ததைத் திருப்பி வரவு வைக்காவிட்டால் வளர்ச்சி நின்றுவிடும். அதற்கு என்ன பண்ணுவார்கள் தெரியுமா? சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து, தெளிய வைத்து, மேலே நிற்கிற தெளிவைச் சொட்டுச் சொட்டாகத் தொட்டியில் விடுவார்கள். வாயில் நுழையாத ஜெர்மன் பேர் ஒன்று அதற்கு உண்டு. சரக்கு என்னவோ வெற்றிலைச் செல்லத்தில் இருக்கிற அதே சுண்ணாம்பு, கொஞ்சம் சுத்தமாக.

தொட்டி தயார், தெளிவு தயார். ஒரு ராத்திரி எனக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ வந்தது. மான்கொம்பு மாதிரி கிளை, நுனியில் ஊதா. கீழே நண்பனின் வாசகம்: 'விரல் சைஸ் துண்டு. தெர்மகோல் பெட்டியில ஆம்னி பஸ்ல வந்துரும். பில் கிடையாதாம். என்ன சொல்றே மாப்ள?'

பில் கிடையாது என்ற வார்த்தை காமர்ஸ் படித்தவன் வயிற்றைக் கலக்க வேண்டும். ஒரு டீச்செலவு வவுச்சரில் கையெழுத்து இல்லையென்றால் திருப்பி அனுப்புகிறவன் இவன். ஆசை வந்தால் ஆடிட்டர் லீவு போட்டுவிடுகிறார்.

'ஞாயித்துக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் வா, பேசுவோம்' என்று பதில் போட்டேன்.

வந்தான். பால்கோவா வாங்கினோம். டீக்கடையில் உட்கார்ந்தோம். மேற்கே மலை.

"மாப்ள, அந்த மலை 2021-லிருந்து என்னன்னு தெரியும்ல?"

"புலிகள் காப்பகம். ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை. அதுக்கென்ன?"

"அங்கேர்ந்து ஒரு புலிக்குட்டி. தெர்மகோல் பெட்டியில போட்டு பஸ்ல அனுப்புறேங்கிறான். பில் கிடையாது. வாங்குவியா?"

"ஏண்டா, அது புலிடா!"

"நீ கேட்கிறதும் அதே லிஸ்ட்தான்."

சிரித்தான். நான் சிரிக்காததைப் பார்த்து அவனும் நிறுத்தினான்.

1972-ம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. புலி, யானை எல்லாம் உட்கார்ந்திருக்கிற வி.ஐ.பி. வரிசை. 2001-ல் அந்த வரிசையில் பாறை கட்டுகிற பவளம் அத்தனையும், கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி எல்லாம் சேர்க்கப்பட்டன. கடல் குதிரையும் கடல் அட்டையும்கூட அதே வருஷம்தான் உள்ளே வந்தன. முதல் அட்டவணை ஜீவனைப் பிடித்தால், விற்றால், வாங்கினால் குறைந்தது 3 வருஷம், அதிகபட்சம் 7 வருஷம் ஜெயில். அபராதம் தனி. புலித்தோலை மாட்டிவைத்தவனும் பவளத்துண்டை மாட்டிக்கொண்டவனும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டியதுதான்.

"வெளிநாட்டிலெல்லாம் வீட்டுக்கு வீடு வச்சிருக்கான் மாப்ள. கடல்லேர்ந்து யாரும் பிடுங்கலை. ஒருத்தன் தொட்டியில வளர்ந்ததை உடைச்சு இன்னொருத்தனுக்குக் குடுக்கிறான். அது மறுபடி வளருது. இதுல யாருக்கு நஷ்டம்?"

இந்தக் கேள்வியை நான் லேசில் தள்ளிவிட மாட்டேன். அவன் சொல்வது உண்மை. வாழையில் பக்கக்கன்று பிரிக்கிற மாதிரி, ஒரு கிளையை உடைத்துக் கல்லில் ஒட்டினால் அது தனிப் பவளமாக வளரும். அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் அப்படிக் கைமாறுகிற துண்டுகள் ஏராளம். இந்தோனேஷியாவில் கடலிலேயே பண்ணை போட்டு ஏற்றுமதி செய்கிறார்கள். அதற்கும்கூட நாடு தாண்ட வேண்டுமானால் சர்வதேச பெர்மிட் வேண்டும்.

ஆனால் ஆம்னி பஸ்ஸில் வருகிற பெட்டிக்குள் இருப்பது தொட்டியில் வளர்ந்ததா, மன்னார் வளைகுடாவில் போன வாரம் கடப்பாரையால் பெயர்த்ததா? அனுப்புகிறவன் சொல்வதுதான் சாட்சி. துண்டைப் பார்த்து நீங்களும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது. குண்டாக உருளையாக வளர்கிற ஜாதி வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் பெருக்கும். கால்பந்து சைஸ் என்றால் 10 வருஷ உழைப்பு. பெயர்க்க எத்தனை நிமிஷம் ஆகும்? வாங்க ஆள் இருந்தால் பெயர்க்கவும் ஆள் இருப்பான். டிமாண்ட், சப்ளை. முதல் வருஷ எகனாமிக்ஸ்தானே!

நண்பன் டீயைக் குடிக்காமலே ஆற வைத்தான். பாவமாகத்தான் இருந்தது. எட்டு மாதச் சேமிப்பு. ஓவர்டைம் காசு. ஒரு ஆசையை இவ்வளவு ஒழுங்காகக் கட்டி எழுப்பினவனை நான் பார்த்ததில்லை.

அவன் வீட்டுக்குத் திரும்பிப் போனோம். தூத்துக்குடியிலிருந்து மாமனார் வந்திருந்தார். வாலிபத்தில் கடல் வேலை பார்த்தவர். தொட்டி முன்னால் நாற்காலியைப் போட்டு, வெற்றிலை மடித்துக்கொண்டு, உள்ளே கிடக்கிற பாறையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, நீங்க கடல்ல பவளம் பார்த்திருப்பீங்களே?" என்றேன்.

"பவளமா? நாங்க கல்லும்போம் தம்பி. கல்லெடுக்கத்தான் போனோம். முங்கிக் கடப்பாரையால நெம்பி, வள்ளம் நிறைய ஏத்திக் கரைக்குக் கொண்டாருவோம். நேரே சூளைக்குப் போவும். சுட்டா நல்ல வெள்ளைச் சுண்ணாம்பு. ஊர்ல பாதி வீடு அதுல பூசினதுதான்."

"உயிருள்ளது, செத்தது பார்த்து எடுப்பீங்களா?"

"கைக்கு வந்ததை எடுப்போம். கூலி கல்லுக்குத்தானே? எங்க வீட்ல அடுப்பெரிஞ்சதும் அதுலதான்."

பெரியவர் சொன்னதற்குப் பின்னால் இருக்கிற கணக்கு பெரிது. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே 21 தீவுகள். எல்லாத்தையும் சுற்றிப் பவளப்பார்கள். 117 ஜாதிப் பவளங்களை அங்கே கணக்கெடுத்திருக்கிறார்கள். சுண்ணாம்புக்கும் கார்பைடுக்கும் சிமென்ட்டுக்கும் என்று பல வருஷம் அந்தப் பார்களைப் பெயர்த்தார்கள். அலையைத் தடுத்துக்கொண்டிருந்த சுவரை எடுத்தால் வீட்டுக்குள் தண்ணீர் வரத்தானே செய்யும்? பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவித்தார்கள்; 2001-ல் அட்டவணை வந்தது; 2004 சுனாமி வந்து பாரின் அருமையைக் கரையோரத்துக்குச் சொல்லிவிட்டுப் போனது. 2005 வாக்கில்தான் கல்லெடுப்பது நின்றது. அடுப்பெரிந்த வீடுகள் வேறு வேலை தேட வேண்டியிருந்தது என்பதையும் இதே கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

"இப்ப அங்க என்ன நடக்குது தெரியுமா ஐயா?" என்று சொல்ல ஆரம்பித்தேன்.

தூத்துக்குடியில் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்துக்காரர்கள் 2002-லிருந்து ஒரு வேலை செய்கிறார்கள். உயிருள்ள பவளத்திலிருந்து சின்னக் கிளைகளை எடுத்து, சிமென்ட் பலகைகளில் கட்டி, பார் அழிந்த இடங்களில் கடலடியில் வைப்பது. அரசு அனுமதியோடு, முங்கி, கையால். சில மாதத்தில் கிளை பலகையைப் பிடித்துக்கொள்ளும். என் நண்பன் 200 லிட்டரில் செய்ய நினைத்த அதே ஒட்டுவேலை, இங்கே கடலில். தேய்ந்துகொண்டே வந்த வான் தீவைச் சுற்றி 2015-லிருந்து டன் கணக்கில் எடையுள்ள, ஓட்டை போட்ட சிமென்ட் சரிவகங்களை ஆயிரக்கணக்கில் இறக்கியிருக்கிறார்கள். அலையின் வேகத்தை உடைக்கவும் பவளம் வந்து ஒட்டவும். வடிவமைத்துக் கொடுத்தது சென்னை ஐ.ஐ.டி. அடுத்து காரைச்சல்லித் தீவுக்கும் திட்டம் போட்டார்கள்.

கஷ்டம் என்னவென்றால் அந்தத் தொட்டிக்குச் சில்லர் கிடையாது. 1998, 2010, 2016, 2024 என்று கோடை கடுத்த வருஷங்களில் மன்னார் வளைகுடாப் பவளம் வெளுத்தது. ஒட்டி வளர்த்ததில் ஒரு பங்கு ஒரே ஏப்ரலில் போய்விடும். மறுபடியும் முங்கி, மறுபடியும் கட்ட வேண்டும்.

நண்பன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே போனை எடுத்து, மான்கொம்புக்காரனுக்கு 'வேண்டாம் சார்' என்று தட்டினான். தொட்டியை மூடவில்லை. கடலில் பிடிக்காமல், குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்த கோமாளி மீன் ஒரு ஜோடி வாங்கப் போகிறானாம். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் அந்த வித்தையை எப்போதோ கண்டுபிடித்துப் பலருக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறார்கள். அந்த மீன் பிறக்கும்போது எல்லாமே ஆண். கூட்டத்தில் பெரியது மட்டும் பெண்ணாக மாறி மற்றதையெல்லாம் மிரட்டும். 'எங்க வீட்டுக்குப் பொருத்தமான மீன்' என்றான், மெதுவாக, அடுக்களைப் பக்கம் பார்த்துவிட்டு. பில்லோடு வாங்குவதாக ஒப்பந்தம்.

"ஷோகேஸ்ல இருக்கே, அதையும் எடுங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. பார்த்தேன். கல்யாண சீர்வரிசையோடு வந்த வெள்ளைப் பவளக் கொத்து, தஞ்சாவூர் பொம்மைக்குப் பக்கத்தில். நம்மில் எத்தனை பேர் வீட்டில் இருக்கிறதோ! சுற்றுலா போன இடத்தில் ஒரு காலத்தில் வாங்கியது. செத்த துண்டானாலும் சட்டத்தில் அதற்கும் வரி உண்டு. வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு ஒப்படைத்துவிடலாம் என்று முடிவானது. பெரியவருக்குத்தான் அது தாங்கவில்லை. "நான் குடுத்ததும்மா அது" என்று இரண்டு தடவை சொன்னார்.

அலமாரியில் சுண்ணாம்புப் பொட்டலம் பிரிக்காமல் இருந்தது. நண்பன் அதன் உபயோகத்தை அவருக்கு விளக்கினான். பெரியவர் ரொம்ப நேரம் யோசித்தார்.

"ஏன் மருமகனே, நாங்க கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கினோம். நீங்க சுண்ணாம்பைக் கரைச்சுக் கல்லாக்கப் பார்த்தீங்களா?"

"ஆமா மாமா."

"கடல்ல சிமென்ட்டைப் போட்டுக் கல்லு வளர்க்கிறாவன்னு தம்பி சொல்லுது."

"ஆமா."

"அந்த சிமென்ட்டுக்குச் சுண்ணாம்புக்கல் எங்கேர்ந்து வெட்டுறாவளாம்?" என்று கேட்டுவிட்டு, பிரிக்காத பொட்டலத்தைக் கையில் எடுத்து எடை பார்த்தார்.